நம்பர் பிளேட்டில் வைத்த மஞ்சள்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க அக்கா, தப்பாக நினைக்காதீங்க. இந்தத் தூக்குவாளியைக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும், அதற்காகத்தான். உள்ளே களியும் கொள்ளு ரசமும் இருக்கிறது. ராயக்கோட்டையிலிருந்தே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஒரு தொடையில் வாளி, ஒரு தொடையில் இவள். எது கனம் என்று கேட்டால் இவள்தான். இன்னும் மூன்று வயது முடியவில்லை, உடம்பைப் பாருங்க. யாழினி, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டாள். ஜன்னல் கிடைத்துவிட்டால் இவளுக்கு நான்கூட வேண்டாம்.

நீங்க எங்கே, தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கா? நல்லதாகப் போயிற்று, நானும் அங்கேதான். மருமகளுக்குப் பிரசவமா? பெண்ணோ பிள்ளையோ, சுகமாக வரட்டும். நான் போவது எலும்பு வார்டுக்கு. முப்பத்திரண்டாம் கட்டில். எங்கள் ஊர் திம்மராயண்ணன். கல் குவாரியில் பலகைக் கல் சரிந்து வலது கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பன்னிரண்டு நாள்.

சொந்தம் இல்லை அக்கா. ஆனால் சொந்தத்துக்கு மேலே. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பொண்டாட்டி அலமேலு அண்ணி தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். இவள் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டதே அந்த அண்ணிதான். அதனால்தான் வாரம் இரண்டு முறை ஏதாவது எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். ஊரில் வேறு யார் போகிறார்கள் சொல்லுங்க. முதல் இரண்டு நாள் கூட்டமாகப் போனார்கள், ஆப்பிள் வாங்கிக் கொடுத்தார்கள், வந்துவிட்டார்கள்.

குவாரி ஆள் இல்லை அவர். சொந்தமாகக் குட்டி யானை வைத்திருந்தவர். அந்த வண்டிதான், சின்னதாக, பின்னால் லோடு ஏற்றுகிற மாதிரி. ஒரே நாளில் எடுத்தோம், அவரும் நாங்களும். கிருஷ்ணகிரி ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். எங்கள் வண்டி என் பேரில். மகளிர் குழுவில் என் பேரில்தான் கடன் கொடுத்தார்கள். நம்பரும் அடுத்தடுத்து வந்தது. எங்களுடையது நாற்பத்து நாலு பதினெட்டு, அவருடையது நாற்பத்து நாலு பத்தொன்பது. "அண்ணன் தம்பி மாதிரி"ன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார். வண்டி நிறமும் ஒன்றே, வெள்ளை. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகக்கூடாதே என்று நான்தான் கண்ணாடிக்கு மேலே சிவப்பில் "யாழினி" என்று எழுதச் சொன்னேன். பேருக்கு இரண்டு பக்கமும் ஒரு பட்டாம்பூச்சி. அந்தப் பட்டாம்பூச்சியைத் தேர்ந்தெடுக்க ஸ்டிக்கர் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைக்காரன் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

திம்மராயண்ணன் வண்டியில் ஒன்றும் எழுதவில்லை. அவர் அப்படித்தான். ஒன்றும் எழுத மாட்டார், ஒன்றும் பேச மாட்டார். தக்காளி லோடு. ராயக்கோட்டை மண்டியில் ஏற்றி கிருஷ்ணகிரியில் இறக்குவார், வருவார். நாற்பதைத் தாண்டி முள் போகாது. எங்க வீட்டுக்காரர் முனிரத்தினம் கிண்டல் பண்ணுவார், "அண்ணா, உன் வண்டிய முந்திக்கிட்டு ஒரு எருமை போச்சாமே"ன்னு. அதற்கும் சிரிப்பார்.

எங்களுடையது பெங்களூர் லோடு. கொத்தமல்லி, புதினா. உங்களுக்குத் தெரியாததா அக்கா, கொத்தமல்லி எவ்வளவு நேரம் நிற்கும்? வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் இறக்கினால் கீரை, இறக்காவிட்டால் ஆட்டுக்குத் தீனி. அதனால் விரட்டித்தான் ஓட்டவேண்டும். நானும் சும்மா இருக்க மாட்டேன். கால் மணிக்கு ஒருமுறை போன் போடுவேன். "எங்க இருக்கீங்க? இன்னும் அத்திப்பள்ளியா? பக்கத்து ஊரு வண்டி இறக்கிட்டானாமே." அவர் சொல்வார், "உன் போன எடுக்கறதுக்கே நான் வண்டிய ஓரங்கட்டணும்டி." கட்ட மாட்டார், காதில் வைத்துக்கொண்டே ஓட்டுவார். இரண்டு மணி நேர வழியை ஒன்றேகால் மணியில் போவார் அக்கா. நான் அதை எல்லாரிடமும் சொல்வேன். பெருமைதானே.

பெருமைக்கு வந்தது வினை. அத்திப்பள்ளி தாண்டினதும் ரோட்டுக்கு மேலே கம்பம் நட்டு கேமரா வைத்திருக்கிறார்கள். வேகமாகப் போனால் படம் எடுத்து அபராதம் போட்டு போனுக்கு அனுப்பிவிடுகிறது. வண்டி என் பேரில் இல்லையா, என் போனுக்கு வந்தது. முதல் மாதத்திலேயே மூன்று. அவரிடம் காட்டினேன். "அது கர்நாடகா. நம்ம வண்டி தமிழ்நாடு. அவன் என்ன பார்டர் தாண்டி வந்து புடிப்பானா? விடு"ன்னார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து மாநிலத்து அபராதம் பக்கத்து வீட்டு நாய் மாதிரி, குரைக்கும், நம் வாசலுக்கு வராது என்று எங்கள் மண்டிக்காரர் சொன்னார்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அரசுப் பள்ளிதான், ஆனால் கணக்கில் எப்போதும் எண்பதுக்கு மேலே. எனக்கு மனசு கேட்கவில்லை. ஓசூரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருக்கிற புரோக்கரிடம் கேட்டேன். "தங்கச்சி, இப்ப எல்லா ஊரும் ஒரே கம்ப்யூட்டர். சேர்ந்துபோச்சுன்னா வண்டிய முடக்கிடுவான். எஃப்.சி. புதுப்பிக்க முடியாது. எஃப்.சி. இல்லன்னா இன்சூரன்ஸ் இல்ல, பெர்மிட் இல்ல. வண்டி வெறும் இரும்பு"ன்னார். எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதி என்று இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கொடுக்கிற சீட்டு அக்கா. அப்போது கர்நாடகாவில் பாதி கட்டினால் போதும் என்று ஒரு மாதச் சலுகையும் விட்டிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றையும் கட்டிவிட்டேன். அவரிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன், திட்டினார். திட்டட்டும். குடும்பத்தில் ஒருவராவது யோசிக்கவேண்டாமா?

அதற்கப்புறம்தான் பூஜையைக் கொஞ்சம் கூட்டினேன். முன்பும் வைப்பேன், வெள்ளிக்கிழமை மட்டும். வண்டிக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, நம்பர் பிளேட்டில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி அனுப்புவேன். பெயிண்டில் சந்தனம் நிற்காது அக்கா, காய்ந்தால் உதிர்ந்துவிடும். கடைசி நம்பருக்குப் பக்கத்தில், கீழே, ஒரு ஸ்குரூ இருக்கிறது. அதன் தலையில்தான் பிடித்து நிற்கும். அங்கே வைப்பேன். ஒரு மாதம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை போகிற லோடுக்கு மெசேஜ் வருவதே இல்லை. மற்ற நாளில் வருகிறது, அதையும் கட்டினேன், வெள்ளிக்கிழமை வரவில்லை. அப்போதே புரிந்துகொண்டேன், இது எங்கள் முனியப்பன் வேலை என்று. கேமரா கண்ணை மறைத்துவிடுகிறார். அப்புறம் ஏன் வெள்ளிக்கிழமை மட்டும்? தினமும் வைத்தேன்.

தினமும் என்றால் சந்தனம் கட்டுப்படியாகாது. மஞ்சளைக் குழைத்து வைத்தேன். மங்களம்தானே. குங்குமத்தை நிறுத்திவிட்டேன். மழையில் நனைந்து ரத்தம் மாதிரி ஒழுகியது, அவருக்குப் பிடிக்கவில்லை. வாடகை வண்டிக்குப் பலகையே மஞ்சள் இல்லையா, அதன்மேல் மஞ்சள் வைத்தால் வைத்ததே தெரியாது. சாமிக்குத் தெரிந்தால் போதாதா? நன்றாகக் கெட்டியாக, கட்டைவிரல் அகலத்துக்கு அப்புவேன். அவர் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, சாமி கும்புடறியா, சுவத்துக்குப் பூசறியா?"ன்னார். அதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை அக்கா. ஒன்றுகூட.

கண்டக்டர், ஒரு பெரியாஸ்பத்திரி. இவளுக்கா? மூன்று முடியவில்லைங்க, மடியில்தானே இருக்கிறாள். உயரத்தைப் பார்க்காதீங்க. சரி, ஒன்றே கொடுங்க.

எங்கே விட்டேன்? ஆமாம், திம்மராயண்ணன். அவர் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டன் போன்தான் அவருக்கு. "வெண்ணிலா, இதுல இங்கிலீஷ்ல என்னமோ வந்திருக்குது. வண்டி நம்பர் மாதிரி இருக்குது, பாரும்மா"ன்னார். எங்கள் தெருவில் யாருக்கு எந்த மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். கேஸ் வந்தாலும், ரேஷன் வந்தாலும், பையன் ரிசல்ட் வந்தாலும் வெண்ணிலாதான். பார்த்தேன். கர்நாடகா, அதிவேகம், வண்டி நம்பர் நாற்பத்து நாலு பத்தொன்பது, இந்தத் தேதி, இத்தனை அபராதம்.

"அண்ணா, நீங்க பெங்களூர் போனீங்களா?"

"நானா? நான் ஓசூரத் தாண்டி வண்டிய ஓட்டினதே இல்லயேம்மா."

"அப்ப மோசடிதான்."

அந்த மாதம்தான் பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒருத்தருக்கு இதே மாதிரி அபராதம் என்று மெசேஜ் வந்து, அவர் அதிலிருந்த நீல லிங்க்கைத் தொட்டு, பேங்கில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஊரே பேசியது. நான் அதைச் சொன்னேன். "தொடாதீங்க அண்ணா, திருட்டுப் பசங்க. நம்பர எங்கயோ பாத்து அனுப்பறானுங்க." நானே அழித்துக் கொடுத்தேன். அவர் எவ்வளவு சந்தோஷமாகப் போனார் தெரியுமா? மறுநாள் ஒரு கூடை தக்காளி வந்தது.

அப்புறமும் வந்தது. வரும்போதெல்லாம் எடுத்துக்கொண்டு வருவார், நான் அழித்துக் கொடுப்பேன். கடைசியில் அவருக்கே பழகிவிட்டது. "இந்த மாசத்துத் திருட்டுப் பய வந்துட்டாம்மா"ன்னு சிரித்துக்கொண்டே நீட்டுவார். எனக்கு வந்த மாதிரியேதான் இருந்தது, அதே எழுத்து, அதே இடத்திலிருந்து. ஆனால் எங்களுக்கு வந்தது நிஜம், வண்டி அங்கே போனது. அவர் வண்டி போகவே இல்லையே. போகாத வண்டிக்கு வந்தால் அது மோசடிதானே அக்கா? நீங்களாக இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க?

மொத்தம் பதினேழு. அது பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஒரே நாளில் எடுத்ததால் எஃப்.சி.யும் ஒரே மாதம். இருவரும் சேர்ந்தே போனார்கள். எங்களுக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. அவருக்குக் கம்ப்யூட்டரில் சிவப்பாக வந்ததாம். பக்கத்து மாநிலத்தில் பதினேழு நிலுவை, வண்டியை முடக்கியிருக்கிறோம், அங்கே போய்த் தீர்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அவர் அங்கேயே, படிக்கட்டில், உட்கார்ந்துவிட்டார் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தும் குடிக்கவில்லையாம்.

மூன்று தடவை பெங்களூர் போனார், பஸ்ஸில். பாஷை தெரியாது. ஒரு கவுன்டரில் இன்னொரு கவுன்டரைக் காட்டினார்கள். அந்தக் கவுன்டரில் ஒருவர் கன்னடத்தில் சொன்னதைப் வரிசையில் நின்ற பூக்கடைக்காரர் ஒருத்தர் தமிழில் சொன்னாராம்: கட்டு, இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போ, போகும்போது வண்டியைக் கொண்டு வராதே, பிடித்து வைத்துக்கொள்வார்கள். "நான் போகவே இல்லீங்க"ன்னு இவர் சொல்ல, "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க"ன்னு சிரித்தார்களாம்.

வண்டி புளியமரத்தடியில் நின்றது. நான்கு மாதம். கோழி ஏறி முட்டை வைத்தது அதில். அலமேலு அண்ணி தினமும் போய்த் துடைப்பார். ஓடாத வண்டியை எதற்குத் துடைக்கிறீங்க என்று கேட்டேன். "தூசி படிஞ்சிருந்தா, செத்த வண்டி மாதிரி இருக்குது வெண்ணிலா"ன்னார். இரண்டு பிள்ளைகள் அவருக்கு. பெரியவள் எட்டாவது.

அவருடைய தக்காளி லோடு? அதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேறு யாரோ வெளியாள் கொண்டு போவதற்கு நாமே போவது நல்லது இல்லையா? காலையில் பெங்களூர், மதியம் கிருஷ்ணகிரி. அதற்கும் அவசரம்தான். என்ன செய்வது.

அவர் குவாரிக்குப் போனார். உட்கார்ந்து பழக்கம் இல்லாத மனுசன். கிரேனில் பலகைக் கல் தூக்கும்போது கீழே நின்று சங்கிலி மாட்டுகிற வேலை. முதல் வாரம் கையெல்லாம் கிழிந்து வந்தார், நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். மூன்றாவது வாரம் சங்கிலி நழுவியது.

இல்லை அக்கா, நான் அழவில்லை. காற்று. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. நான் எதற்கும் அழுகிறவள் இல்லை. என் கல்யாணத்திலேயே சிரித்துக்கொண்டு போனேன் என்று என் அம்மா இன்னும் திட்டுகிறது.

போன செவ்வாய்க்கிழமை அலமேலு அண்ணி வீட்டுக்கு வந்தார், துணி மாற்றிக்கொண்டு போக. கையில் பெங்களூர் கோர்ட்டு கவர். "வெண்ணிலா, நீதாம்மா பாக்கணும். அந்த மெசேஜுல படம் இருக்குமாமே. உன் போன்ல தொறந்து பாரேன்"ன்னார். அவர்கள் பட்டன் போனில் திறக்காது. நான் என் போனில் அபராதப் பக்கத்தைத் திறந்து அண்ணன் வண்டி நம்பர் போட்டேன், அவர்கள் போனுக்கு ரகசிய எண் வந்தது, அதைப் போட்டேன். படம் சுற்றிச் சுற்றி வந்தது. இவள் என் இடுப்பில் இருந்தாள்.

படம் அவ்வளவு தெளிவாக இல்லை அக்கா. காலை வெயில் கண்ணாடியில் பட்டு மின்னுகிறது. வெள்ளை வண்டி. நம்பர் நாற்பத்து நாலு பத்தொன்பது என்றுதான் தெரிகிறது. கடைசி ஒன்பது மட்டும் கொஞ்சம் தலை பெருத்து, கால் வளைந்து இருந்தது. கண்ணாடிக்கு மேலே சிவப்பாக ஏதோ. இரண்டு பக்கமும் ஏதோ.

"அது என்னா சிவப்பா?"ன்னு கேட்டார் அண்ணி. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"வெயிலு அண்ணி. வெயில் பட்டா அப்படித்தான் விழும்."

இவள் விரலை நீட்டி, "அப்பா வண்டி"ன்னாள்.

குழந்தைதானே. எந்த வண்டியைப் பார்த்தாலும் அப்பா வண்டி என்பாள். தண்ணீர் லாரியைப் பார்த்துக்கூடச் சொல்வாள். நான் ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்தேன். அண்ணி இவள் கன்னத்தைக் கிள்ளி, "ஆமாண்டி தங்கம், எல்லாம் உங்கப்பன் வண்டிதான்"ன்னு சிரித்தார். பத்து நாளுக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பட்டாம்பூச்சியா? பட்டாம்பூச்சி மாதிரியும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஸ்டிக்கர் கடைக்காரன் எனக்கு மட்டுமா விற்றிருப்பான்?

நீங்க எதற்கு டிக்கெட்டின் பின்னால் எழுதிப் பார்க்கிறீங்க? எட்டு. சரி. எட்டில் கீழ்ச்சுழிக்கு இடது பக்கத்தை மறைத்தால் ஒன்பதுதான் வரும். எனக்குத் தெரியாதா அக்கா, கணக்கில் எண்பது வாங்கியவள். அப்படியே இருந்தாலும் தப்பு யார் மேல்? அவ்வளவு செலவு பண்ணிக் கம்பம் நட்டு கேமரா வைக்கிறவன் எட்டா ஒன்பதா என்று ஒரு தரம் சரியாகப் பார்க்கவேண்டாமா? படத்தைப் பார்த்துவிட்டு அனுப்புகிற ஆபீசருக்குக் கண் இல்லையா? நான் சாமிக்கு மஞ்சள் வைத்தேன். யார் வாயில் மண்ணும் போடவில்லை.

இப்போது வைப்பதில்லை. சும்மாதான். மஞ்சள் பிடித்துப் பலகை பிசுபிசு என்று ஆகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று இருக்கிறது இப்போது.

எங்க வீட்டுக்காரருக்குப் படத்தைக் காட்டினேன். பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். சோறு போட்டேன், கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் லோடுக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. கொத்தமல்லிக்காரர் வாசலில் வந்து கத்துகிறார். "போய்ச் சொல்லிடு வெண்ணிலா. படத்தக் குடுத்துட்டு வா"ன்னு அதையேதான் சொல்கிறார். ஆம்பளைகளுக்கு ஒன்றும் தெரியாது அக்கா. வண்டி என் பேரில் இருக்கிறது. பதினேழும் என் தலையில் வரும். அது போகட்டும், நம்பரை மறைத்து ஓட்டினால் தனி கேஸ், உள்ளே போடுவார்கள் என்று அந்தப் புரோக்கர் சொன்னார். ஒரு சும்மா பேச்சுக்குக் கேட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி. நான் உள்ளே போனால் இவளை யார் பார்ப்பது? அவருக்கு இவளுக்குத் தலை பின்னக்கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கும் அவர் இதுவரை வரவில்லை. மருந்து வாசனை அவருக்கு ஆகாது.

இப்போது என்னவென்றால், முப்பத்து மூன்றாம் கட்டிலில் ஒரு வக்கீல் குமாஸ்தா, இடுப்பு உடைந்து வந்திருக்கிறார். அவர் திம்மராயண்ணனிடம் சொல்லியிருக்கிறார், "படத்துல இருக்கிறது உன் வண்டி இல்லன்னா ஒரே ஒரு மனு போதும்யா. பதினேழும் ரத்து. வண்டி வெளிய வந்துடும்"ன்னு. அன்றிலிருந்து அண்ணனுக்கு அதே பேச்சு. வண்டி வெளியே வந்தால் ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டலாம், பெரியவள் படிப்பை நிறுத்தவேண்டாம் என்று. நேற்று போன் பண்ணினார். இவ்வளவு நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "வெண்ணிலா, அந்தப் படத்த எடுத்துட்டு வாம்மா. நான் அஞ்சாவது படிச்சிருக்கேன், என் வண்டிய எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன்"ன்னார். வருகிறேன் அண்ணா என்றேன். அதற்குத்தான் இன்றைக்குப் போவது. களியும் அவருக்குப் பிடிக்கும்.

படமா, இதோ போனில்தான் இருக்கிறது. என் போனில் எப்போதும் இடம் இல்லை அக்கா, இவள் படமே எண்ணூறு. எதையாவது அழித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். அழித்துவிட்டால் திரும்ப வருமா? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கோர்ட்டில் எப்படியும் வைத்திருப்பார்கள் இல்லையா. அவர்களே ஒருநாள் பார்த்துக்கொள்வார்கள்.

பாலக்கோடு தாண்டிவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. ரயில்வே கேட் போட்டுவிட்டான் போல.

என்ன அக்கா, இவளிடம் என்ன காட்டுறீங்க? ஆமாம், குட்டி யானைதான். வெள்ளைதான். எங்களுடையது மாதிரியே இருக்கிறது. கேளுங்க, நான் சொன்னேன் இல்லையா, எதைப் பார்த்தாலும் சொல்வாள். யாழினி, பெரியம்மா கேக்கறாங்க பாரு. அது யாரு வண்டி?

என்னடி சொன்ன?

இல்லையா? நன்றாகப் பார். வெள்ளை வண்டிடி.

பட்டாம்பூச்சி இல்லையாம்.

இன்றைக்கு என்னவோ இவளுக்கு. தூக்கம் வந்துவிட்டது. பசியாகவும் இருக்கும். நீங்க அப்படிப் பார்க்காதீங்க அக்கா. குழந்தை இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு ஒன்று சொல்லும்.

கேட் திறந்துவிட்டான். இனி அரை மணியில் போய்விடுவான்.

உங்களுக்கு வெற்றிலை வேண்டுமா? இல்லையா. சரி.

இவ்வளவு நேரம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். உங்கள் மருமகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதல் பிரசவமா? சொல்ல விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்.

இதுதான் பெரியாஸ்பத்திரி ஸ்டாப். கண்டக்டர் விசில் கொடுக்கிறார் பாருங்க. இறங்குங்க அக்கா, முதலில் நீங்க இறங்குங்க, பார்த்து. நானா? இவள் மடியிலேயே கண்ணை மூடப் பார்க்கிறாள். இப்போது எழுப்பினால் வார்டையே இரண்டாக்கிவிடுவாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அப்படியே அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன். அக்கா, ஒரே ஒரு உதவி. இந்தத் தூக்குவாளி. எலும்பு வார்டு, முப்பத்திரண்டாம் கட்டில், திம்மராயன். அவர் பொண்டாட்டி அலமேலு அங்கேயே இருப்பார், நீலச் சேலை. ராயக்கோட்டை வெண்ணிலா கொடுத்தாள் என்று சொல்லுங்க. களி ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லுங்க. வாளியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்க.

படமா? அது போனில் இருக்கிறது அக்கா. போனை எப்படிக் கொடுக்கிறது?

வேறு ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்க யாரோ, நான் யாரோ.

யாழினி, பெரியம்மா இறங்கறாங்க பாரு, டாட்டா சொல்லு. சொல்லுடி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எப்போதும் இப்படி இல்லை அக்கா. யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள்.